கணக்கைத் திருத்தும் முன் நோட்டைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதலில் போடும் கணக்கு எது? சிலர் மளிகைச் செலவை எக்ஸெலில் எழுதுவார்கள். சிலர் பிள்ளைகளின் மார்க்குகளைப் போட்டு டோட்டல் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது மொய்க் கணக்காக அமைந்தது.

அக்கா கல்யாணம் முடிந்த மறுநாள், மொய் நோட்டில் இருந்த நானூற்றுச் சொச்சம் பெயர்களை எக்ஸெலில் டைப் செய்தேன். ஒரு நெட்டு வரிசையில் பெயர், அடுத்ததில் ஊர், அதற்கடுத்ததில் தொகை. "யாருடா அதிகம் எழுதியிருக்கா, வரிசையாப் போட்டுக் காட்டு" என்றார் சித்தப்பா. தொகை இருந்த வரிசையை மட்டும் செலக்ட் செய்து சார்ட் பட்டனைத் தட்டினேன். எக்ஸெல் ஓர் எச்சரிக்கைக் கட்டத்தைக் காட்டியது. பக்கத்து வரிசைகளையும் சேர்த்து மாற்றவா, இதை மட்டும் மாற்றவா என்று அது கேட்டது. நான் படிக்கவே இல்லை. "இதை மட்டும்" என்பதைக் கிளிக் செய்து, பைலை சேவ் செய்து மூடிவிட்டேன்.

என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். தொகைகள் எல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக அழகாக இறங்கின. பெயர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன! ஒரு மாதம் கழித்து உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பும்போது பைலைத் திறந்து, "அவர் நமக்கு 101 எழுதியிருக்கார்மா" என்றேன். "அவரா? கவரைப் பிரிச்சதே நான்தான். 2001 இருந்துச்சு" என்றார் அம்மா. பீரோவில் இருந்த மொய் நோட்டை எடுத்துப் பார்த்தோம். அம்மா சொன்னதே சரி. நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் ஓர் உறவே முறிந்திருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெயரும் தொகையும் மாறிப்போன பிறகும் டோட்டல் மாறவில்லை. ஆவரேஜும் மாறவில்லை. எக்ஸெல் எந்தப் பிழைச் செய்தியும் தரவில்லை. கணக்கு சரியாக இருந்தது. எது யாருடையது என்பதுதான் தவறாகிப் போனது.

இந்த மொய்க் கதைக்கும் பயிர் ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற டேட்டா ஒன்றைப் பற்றி, அதில் ஆண்டுகள் இடம் மாறிவிட்டன என்று ஒருவர் சொன்னார். இருபது ஆண்டுகள் கழித்து இன்னொருவர் அதை மறுத்தார். அந்த டேட்டா இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. முழுக் கதையையும் பார்ப்போமா!

வயல் ஒரே மாதிரி இருப்பதில்லை

புதிய ரகத்தை உருவாக்குவது ஒரு வேலை. அது பழைய ரகத்தைவிட நல்லதா என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. பத்து ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, அறுத்து, எடை போட்டால் தெரிந்துவிடாதா? தெரியாது. ஒரே வயலில் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும். இன்னொரு பக்கம் மர நிழல் விழும். முன்பு எருக்குழி இருந்த இடத்தில் எதைப் போட்டாலும் செழிப்பாக வரும். அந்த இடத்தில் விதைக்கப்பட்ட ரகம் முதலிடம் பெற்றால், பரிசு ரகத்துக்கா, எருக்குழிக்கா?

இந்தக் கேள்விக்குத் தெளிவான வழி சொன்னவர் ரொனால்ட் பிஷர். இங்கிலாந்தில் உள்ள ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வகுத்த வழியை மூன்று விதிகளாகச் சொல்லலாம். ஒன்று, ஒவ்வொரு ரகத்தையும் ஒரு முறை மட்டும் அல்ல, பல துண்டு நிலங்களில் விதைக்க வேண்டும். இரண்டு, ஓரளவு ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளை ஒரு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகங்களும் இடம் பெறச் செய்ய வேண்டும். மூன்று, தொகுதிக்குள் எந்த ரகம் எந்தத் துண்டில் என்பதை நம் விருப்பப்படி முடிவு செய்யாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும்.

குலுக்கல் முறையை நீங்களே எக்ஸெலில் செய்து பார்க்கலாம். முதல் நெட்டு வரிசையில் பத்துப் பெயர்களை டைப் செய்யுங்கள். அடுத்த வரிசையில் ரேண்ட் என்ற பார்முலாவைப் போட்டு பத்து செல்களுக்கும் காப்பி செய்யுங்கள். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஏதோ ஒரு எண் ஒவ்வொன்றிலும் வரும். இப்போது இரண்டு வரிசைகளையும் சேர்த்தே செலக்ட் செய்து, எண் இருக்கும் வரிசையை வைத்து சார்ட் செய்யுங்கள். (என்னைப் போல ஒன்றை மட்டும் செலக்ட் செய்துவிடாதீர்கள்!) பெயர்கள் குலுக்கிப் போட்ட வரிசையில் நிற்கும். ஒரு தொகுதிக்கு ஒரு குலுக்கல். அடுத்த தொகுதிக்கு மீண்டும் புதிதாகக் குலுக்க வேண்டும்.

பிஷர் காலத்தில் இதற்கெல்லாம் அச்சிட்ட எண் பட்டியலும் கையால் சுற்றும் கணக்கு மெஷினும்தான். ரோதம்ஸ்டெட்டுக்கு எலியட் 401 என்னும் கம்ப்யூட்டர் வந்தது 1954-இல். வயல் கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல.

முதலிடம் என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்

எக்ஸெலிலேயே இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். நூறு படுக்கை வரிசைகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ரகம் என்று நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று செல்களில் ரேண்ட்பிட்வீன் என்ற பார்முலாவைக் கொண்டு 35-க்கும் 45-க்கும் இடையில் ஏதேனும் ஓர் எண் வரச் செய்யுங்கள். நான்காவது செல்லில் மூன்றின் ஆவரேஜ். இந்த நூறு ரகங்களுக்கும் இடையே உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை. எல்லாம் ஒரே பார்முலாதான். ஆனாலும் ஒன்று 43, 44 பக்கம் நின்று முதலிடம் பிடிக்கும். இன்னொன்று 36 பக்கம் கிடக்கும். இப்போது எஃப்9 கீயைத் தட்டுங்கள். எண்கள் எல்லாம் மாறும். முதலிடத்தில் வேறு ஒரு ரகம் நிற்கும்!

ஆவரேஜைப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக சார்ட் செய்து, மேலே நிற்பதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். மேலே நிற்கும் ரகத்தில் கொஞ்சம் திறமையும் இருக்கும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கும். எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரித்துச் சொல்வதுதான் புள்ளியியல் மாடலின் வேலை.

கிரிக்கெட்டை எடுத்துக் கொள்வோம். ஒருவர் முதல் மேட்சில் 100 ரன் எடுத்து அவுட் ஆனால் அவருடைய ஆவரேஜ் 100. நூறு டெஸ்ட் ஆடி 50 ஆவரேஜ் வைத்திருப்பவரைவிட அவர் இரு மடங்கு பெரிய ஆட்டக்காரரா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். "இன்னும் நாலு மேட்ச் ஆடட்டும், பார்க்கலாம்" என்போம். மாடலும் இதையே செய்கிறது. குறைவான சோதனைகளில் வந்த பெரிய ஆவரேஜை அப்படியே நம்பாமல், பொதுவான நடு அளவை நோக்கிக் கொஞ்சம் இழுத்து வைக்கிறது. பல இடங்களில் பல ஆண்டுகள் சோதித்து வந்த ஆவரேஜை அதிகம் இழுப்பதில்லை. எவ்வளவு இழுப்பது என்பதையும் டேட்டாவிலிருந்தே கணக்கிடுகிறது. இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படும் கணக்கு முறை ஒன்றை 1971-இல் பேட்டர்சன், தாம்சன் என்ற இருவர் வெளியிட்டார்கள். அது நோட்டில் போட்டுத் தீர்க்கும் கணக்கு அல்ல. திரும்பத் திரும்பச் செய்து விடையை நெருங்க வேண்டிய கணக்கு. கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது.

மினசோட்டாவின் பார்லி

இப்போது அந்தப் புகழ்பெற்ற டேட்டாவுக்கு வருவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பத்து பார்லி ரகங்களை ஆறு இடங்களில் விதைத்தார்கள். யுனிவர்சிட்டி பார்ம், வசேக்கா, மோரிஸ், க்ரூக்ஸ்டன், கிராண்ட் ராப்பிட்ஸ், டுலூத் ஆகியவை அந்த ஆறு இடங்கள். பத்து ரகம், ஆறு இடம், இரண்டு ஆண்டு. மொத்தம் 120 எண்கள். இம்மர், ஹேய்ஸ், பவர்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1934-இல் இதை வெளியிட்டார்கள். பிஷர் 1935-இல் எழுதிய சோதனைத் திட்டம் பற்றிய நூலில் இதன் ஒரு பகுதியை உதாரணமாக எடுத்துக் கொண்டார். அன்று முதல் புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் பலர் இந்த பார்லியைச் சந்திக்காமல் போவதில்லை.

எடையை ஏக்கருக்கு இத்தனை புஷல் என்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு புஷல் பார்லி என்பது சுமார் 21.8 கிலோ. பன்னிரண்டு சோதனைகளின் ஆவரேஜைப் பார்த்தால் ட்ரெபி என்ற ரகத்துக்கு 39.4 புஷல். விஸ்கான்சின் 38 என்ற ரகத்துக்கும் 39.4 புஷல்! தசமங்களை நீட்டிப் பார்த்தால் ட்ரெபி மயிரிழையில் முன்னால் நிற்கும். எக்ஸெலில் சார்ட் செய்தால் ட்ரெபிதான் முதலிடம்.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். 1931-இல் மோரிஸ் வயலில் ட்ரெபி 43.8 புஷல் கொடுத்தது. விஸ்கான்சின் 38 கொடுத்தது 29.5 மட்டும். ட்ரெபி பின்தங்காமல் இருப்பதற்கு இந்த ஒரு வயலில் கிடைத்த 14 புஷல் முன்னிலை முக்கியக் காரணம். மோரிஸை விட்டுவிட்டு மற்ற ஐந்து இடங்களை மட்டும் கணக்கில் எடுத்தால், விஸ்கான்சின் 38-க்கு 39.6, ட்ரெபிக்கு 38.2. முதலிடம் மாறிவிட்டது! யுனிவர்சிட்டி பார்மில் இரண்டு ஆண்டுகளிலும் விஸ்கான்சின் 38-தான் ட்ரெபியைவிட அதிகம் கொடுத்தது.

இன்னொரு ரகத்தைப் பாருங்கள். அதற்குப் பெயர்கூட இல்லை. 462 என்ற எண் மட்டும்தான். 1931-இல் வசேக்காவில் அது 65.8 புஷல் கொடுத்தது. அந்த 120 எண்களில் மிகப் பெரியது அதுதான். அதே ஆண்டு கிராண்ட் ராப்பிட்ஸில் அதே ரகம் 24.9 புஷல் கொடுத்து, பத்து ரகங்களில் எட்டாவது இடத்துக்குப் போனது. "எந்த ரகம் நல்லது?" என்று கேட்டால் மாடல் திருப்பிக் கேட்கும்: எந்த ஊரில்? எந்த மாதிரி ஆண்டில்?

அதனால்தான் மாடலில் விளைச்சலைப் பல பங்குகளாகப் பிரிக்கிறார்கள். இடத்தால் வந்தது எவ்வளவு, ஆண்டால் வந்தது எவ்வளவு, ரகத்தால் வந்தது எவ்வளவு, குறிப்பிட்ட ரகம் குறிப்பிட்ட இடத்தோடு ஒத்துப்போனதால் வந்தது எவ்வளவு, எதிலும் சேராமல் மிஞ்சியது எவ்வளவு? கடைசிப் பங்குதான் முக்கியம். அது பெரியதாக இருந்தால் மற்ற பங்குகளைப் பற்றி அடித்துப் பேச முடியாது.

மோரிஸில் என்ன நடந்தது?

ஐந்து இடங்களில் 1931 நல்ல ஆண்டு, 1932 மோசமான ஆண்டு. வசேக்காவில் பத்து ரகங்களின் ஆவரேஜ் 54-லிருந்து 42-க்கு இறங்கியது. க்ரூக்ஸ்டனில் 44-லிருந்து 31-க்கு இறங்கியது. மோரிஸில் மட்டும் நேர் எதிர். அங்கே 1931-இல் 29.3 ஆக இருந்த ஆவரேஜ், 1932-இல் 41.5-க்கு ஏறியது. பத்து ரகங்களுமே ஏறின.

பெல் லேப்ஸைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லேண்ட் இந்த எண்களைப் புள்ளிப் படங்களாக வரைந்தார். ஆறு இடங்களுக்கு ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு விதமான குறிகள். படத்தைப் பார்த்த உடனே மோரிஸ் கண்ணை உறுத்தியது. 1993-இல் வெளிவந்த அவருடைய நூலில், மோரிஸின் இரண்டு ஆண்டுகள் இடம் மாறிப் பதிவாகியிருக்க வேண்டும் என்று சொன்னார். அதுவரை இந்த டேட்டாவை எத்தனையோ பேர் கணக்குப் போட்டிருந்தார்கள். படம் வரைந்து பார்த்தவருக்கு மட்டுமே இது தெரிந்தது. "படம் வரைந்து பார்த்தால் பிழை தெரியும்" என்பதற்கு இந்தக் கதை வகுப்புகளில் உதாரணமாகிவிட்டது.

2013-இல் கெவின் ரைட் என்பவர் இந்தக் கதையை மறுபடியும் கிளறினார். அவர் 120 எண்களோடு நிற்கவில்லை. அதே ஆறு இடங்களில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் நடந்த பார்லி சோதனைகளின் எண்களைப் பழைய அச்சு வெளியீடுகளிலிருந்து திரட்டினார். வானிலைக் குறிப்புகளையும் சேர்த்தார். 1927 முதல் 1936 வரை பத்து ஆண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஓர் இடம் மற்ற இடங்களுக்கு எதிராகப் போவது அதிசயம் அல்ல என்று தெரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் விளைச்சல் அந்த அளவுக்கு ஏறி இறங்கியிருக்கிறது. மோரிஸ் எண்கள் தவறு என்று சொல்ல அவசியமே இல்லை.

கிளீவ்லேண்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்த முதல் வேலை மிகச் சரியானது. எண்களைப் படமாக்கிப் பார்த்தார், விசித்திரமானதைக் கண்டுபிடித்தார், உரக்கச் சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் ரைட் தேடியிருக்கவும் மாட்டார். ஆனால் "விசித்திரமாக இருக்கிறது" என்பதற்கும் "தவறாக இருக்கிறது" என்பதற்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. மூல நோட்டைப் போய்ப் பார்ப்பதுதான் அந்தப் படி. திரை அதைச் சொல்லாது.

திருத்தினால் என்ன நஷ்டம்?

மோரிஸின் இரண்டு ஆண்டுகளையும் நாமே இடம் மாற்றிவிட்டோம் என்று வைத்துக் கொள்வோம். என் மொய்க் கணக்கைப் போலவே டோட்டல் மாறாது. எந்த ரகத்தின் ஆவரேஜும் மாறாது. பட்டியலில் ட்ரெபி இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம், மாடல் தேவைக்கு மேல் அழகாகிவிடும். ஆறு இடங்களிலும் 1931 நல்லது, 1932 மோசம் என்றாகிவிடும். இடத்துக்கு இடம் ஆண்டு வேறு மாதிரி விளையாடும் என்ற பங்கு சுருங்கிப் போகும். "ஓர் ஊரில் என்ன ஆண்டோ அதுதான் எல்லா ஊரிலும்" என்று தோன்றும். அப்படித் தோன்றினால், செலவைக் குறைக்க இரண்டு இடங்களை மூடிவிடலாமே என்று ஒரு நிர்வாகி நினைக்க மாட்டாரா?

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. மோரிஸில் விளைச்சல் குறைந்த 1931-இல் மற்ற ஒன்பது ரகங்களும் 31 புஷலுக்குக் கீழே விழுந்தன. ட்ரெபி மட்டும் 43.8-இல் நின்றது. விளைச்சல் நன்றாக இருந்த 1932-இல் ட்ரெபி 46.6, விஸ்கான்சின் 38 கொடுத்தது 47.2. அதாவது மோரிஸில் ட்ரெபியின் பலம் மோசமான ஆண்டில்தான் தெரிந்தது. அந்த மோசமான ஆண்டில் என்ன வானிலை என்று பார்த்தால், ட்ரெபி எதைத் தாங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். ஆண்டுகளை மாற்றிப் போட்டிருந்தால் 1931 விளைச்சலை 1932-இன் மழை, வெயிலோடு சேர்த்துவிடுவோம். மாடல் தயக்கமே இல்லாமல் விடை சொல்லும். தசமப் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வரை சொல்லும். ஆனால் அது வேறு ஆண்டின் வானிலைக்கான விடை. 2001 எழுதியவருக்கு 101 திருப்பிச் செய்வது போல!

அந்த விடையை நம்பி விதை வாங்குபவர் விவசாயி. எக்ஸெலில் அன்டூ பட்டன் இருக்கிறது. விதைத்த வயலுக்கு அன்டூ கிடையாது. ஒரு பருவம் போனால் போனதுதான்.

என் கருத்து

நான் சாப்ட்வேர் துறையில் இருப்பவன். நாள் முழுவதும் அடுத்தவர்களின் டேட்டாவைச் சுத்தம் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. சுத்தம் செய்வது என்ற வார்த்தையே எங்களை ஏமாற்றுகிறது. மற்றவற்றோடு ஒத்துப்போகாத எண் அழுக்கு, அதைத் துடைத்துவிட வேண்டும் என்ற பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. டெலிட் கீ விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூல நோட்டு எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பீரோவில் இருக்கிறது.

பிழைகளே வராது என்று சொல்லவில்லை. 43.8 என்பதை 438 என்று டைப் செய்தவர்கள் உண்டு. அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் மூலத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். மூலம் கிடைக்கவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து ஒரு முறையும், விட்டு ஒரு முறையும் கணக்குப் போட்டு இரண்டு விடைகளையும் காட்ட வேண்டும். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. வேறாக இருந்தால் நம் முடிவு ஒரே ஓர் எண்ணின் மேல் நிற்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவதாக, விதைப் பைகளிலும் விளம்பரங்களிலும் "ஏக்கருக்கு இவ்வளவு விளைச்சல்" என்று ஒரே ஓர் எண்ணை மட்டும் போடுவது போதாது என்பது என் கருத்து. எத்தனை இடங்களில் சோதித்தார்கள், எத்தனை ஆண்டுகள், மிகக் குறைவாக எவ்வளவு வந்தது, மிக அதிகமாக எவ்வளவு வந்தது என்று நான்கு எண்களாவது வேண்டும். ட்ரெபிக்கு 39.4 என்று சொல்லலாம். "20.6 முதல் 63.8 வரை" என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை. இரண்டாவதைக் கேட்ட விவசாயி வேறு கேள்விகள் கேட்பார்.

மூன்றாவதாக, ஒவ்வொரு துண்டு நிலத்தின் எடையும் அப்படியே பாதுகாக்கப்பட்டு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆவரேஜை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியக்கூடாது. மோரிஸ் சந்தேகத்தை எண்பது ஆண்டுகள் கழித்து ஆராய முடிந்ததற்குக் காரணம் புத்திசாலித்தனமான சாப்ட்வேர் மட்டும் அல்ல. யாரோ அந்தக் காலத்தில் எண்களை அச்சிட்டு வைத்தார்கள். யாரோ அதை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1930-களில் ஒரு பேப்பரைப் பத்திரப்படுத்தியவரின் உழைப்புதான் 2013-இல் பலன் தந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

விவசாயம் செய்யாதவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எந்த நோட்டிலிருந்து டைப் செய்தீர்களோ அதைத் தூக்கிப் போடாதீர்கள். டைப் செய்து முடித்த பைலை "மூலம்" என்று பெயரிட்டு சேவ் செய்து வைத்துவிட்டு, வேறு பெயரில் காப்பி எடுத்து அதில் மட்டும் சார்ட், டெலிட் எல்லாம் செய்யுங்கள். ஒவ்வொரு படுக்கை வரிசைக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் கொடுத்துவிடுங்கள். எல்லா வரிசைகளையும் சேர்த்து எப்படி மாற்றி அடுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஓர் எண்ணைத் திருத்தினால், ஏன் திருத்தினீர்கள் என்று பக்கத்து செல்லில் ஒரு வரி எழுதி வையுங்கள். எச்சரிக்கைக் கட்டம் வந்தால் தயவுசெய்து படியுங்கள்!

பார்லி டேட்டாவை நேரில் பார்க்க விரும்புபவர்கள் ஆர் என்னும் புரோகிராம் மொழியை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். நியூசிலாந்தில் உள்ள ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களில் உருவாக்கியது இது. இதனுடன் சேர்ந்து வரும் லேட்டிஸ் என்ற தொகுப்புக்குள் பார்லி என்ற பெயரிலேயே 120 எண்களும் இருக்கின்றன. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். ஆறு கட்டங்களையும் வரைந்து மோரிஸைப் பாருங்கள். "இது தவறாகத்தான் இருக்க வேண்டும்" என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அப்போது டெலிட் கீ பக்கம் போகும் விரலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எங்கள் வீட்டு மொய் நோட்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே, இது எதற்கு என்று இப்போது யாரும் கேட்பதில்லை.